கோபுர நிழலில் எட்டு மெஷின்

எங்கள் ஓனருக்கு நஷ்டம் என்றால் என்னவென்று தெரியாது. பட்டதே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், பட்டதெல்லாம் அதுதான். பட்டபிறகு அதற்கு அவர் வைக்கிற பெயர்தான் வேறு.

ஓனர் என்றதும் பெரிய முதலாளி என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்குள் நுழைந்து வலது கைப்பக்கம் திரும்பினால் ஒரு வீட்டு வரிசை வரும். அதில் ஒரு வீட்டின் முன்னறையில் நெட் சென்டர் வைத்திருந்தார். எட்டு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு, ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய். ஆறாம் நம்பர் மெஷினுக்கு மட்டும் பதினைந்து. அது ஓட ஆரம்பித்தால் பின்பக்கம் அனலாக ஊதும். முழங்கால் வெந்துவிடும். அதனால் சித்திரையில் அதன் பக்கம் யாரும் போக மாட்டார்கள். மார்கழியில் அதற்குத்தான் அடிதடி. நான் திருவானைக்கோயிலிலிருந்து ஸ்கூலுக்குக் கிளம்பி, ஸ்கூலுக்குப் போகாமல், அந்த ஆறாம் நம்பரில் உட்கார்ந்து வளர்ந்தவன்.

அவர் நல்ல உயரம், ஒல்லி. நெற்றியில் சன்னமாக ஒற்றைச் சிவப்புக் கோடு. பூணூலில் சாவி மாட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவர் பென் டிரைவ் மாட்டியிருப்பார். குளிக்கும்போது மட்டும் கழற்றி மாடத்தில் வைப்பார் என்று கேள்வி.

நெட் சென்டரில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. நாங்கள் இருட்டில் முனகினால், "கரண்ட் போனா லாபம்தான்டா. மெஷின் ஆறும்" என்பார். ஒரு தடவை எவனோ மூன்றாம் நம்பர் மவுஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஓனர், மவுஸ தூக்கிட்டாங்க."

வந்து பார்த்தார். கீபோர்டைத் தடவிக்கொடுத்தார்.

"இத விட்டுட்டுப் போயிருக்கான் பாரு. லாபம்தான்."

ஊரே அவரை ஓனர் என்றுதான் கூப்பிடும். காய்கறிக்காரர், தபால்காரர், கோயிலுக்குப் போகிற மனிதர்கள் எல்லாரும். கூப்பிடாத ஒரே ஜீவன் அவர் வீட்டு மாமி. நாங்கள் கூப்பிட்டாலும் மாமிக்கு ஆகாது.

"எதுக்குடா ஓனர்? இந்த ஆம் மாமனார் கட்டின வீடு. மேஜை எங்கப்பா சீரா கொடுத்தது. கரண்ட் கவர்மெண்டோடது. இதுல இவர் எதுக்கு ஓனர், சொல்லு பாப்போம்."

"மெஷின் அவரோடதுதான மாமி?"

"மெஷினா அது? தூசி."

அப்புறம் எல்லார் கையிலும் போன் வந்தது. நெட் சென்டருக்குக் கூட்டம் குறைந்து, கடைசியில் ரேஷன் கார்டுக்கு விண்ணப்பம் போட வருகிற இரண்டு பேர் மிஞ்சினார்கள், பிறகு அவர்களும் வரவில்லை. ஓனர் எட்டு மெஷினையும் விற்கவில்லை. ஆளுக்கொரு பழைய போர்வை போர்த்தி, மேஜையிலேயே தூங்க வைத்துவிட்டார். "கூட்டம் இல்லேன்னா லாபம்தான். கீபோர்டு தேயாது."

நானும் இதற்குள் பாலிடெக்னிக்கில் ஒன்றரை வருஷம் படித்தேன். மீதி ஒன்றரை வருஷம் பாலிடெக்னிக் என்னைத் தேடியது. கண்டுபிடிக்க முடியாமல் விட்டுவிட்டார்கள். தில்லை நகரில் ஒரு சோலார் கடையில் பேனல் மாட்டுகிற வேலைக்குச் சேர்ந்தேன். அது தெரிந்ததும் ஓனரிடமிருந்து போன்.

"டேய், வெயில் சும்மாதானே கிடைக்கறது?"

"ஆமாங்க. திருச்சில அது மட்டும்தான் சும்மா கிடைக்குது."

"என் மெஷினும் சும்மாதானே கிடக்கு?"

"ஆமாங்க."

"சும்மாவையும் சும்மாவையும் சேத்தா என்னடா வரும்?"

"சும்மாதான் வரும் ஓனர்."

"லாபம் வரும்டா, மக்கு. கிளம்பி வா."

போனேன். போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். கிரிப்டோ மைனிங் செய்யப்போகிறாராம். எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். "உலகத்துல எங்கேயோ ஒரு கணக்கு ஓடிண்டே இருக்கு. நம்ம மெஷின் அந்தக் கணக்கப் போட்டுக் கொடுக்கும். கூலிக்கு ஒரு காயின் கொடுப்பா. கண்ணால பாக்க முடியாத காயின். ஆனா வித்தா ரூபாய்."

நான் கணக்கில் இருபத்தெட்டு மார்க் வாங்கியவன். கணக்குப் போட்டால் காசு தருவார்கள் என்று வாத்தியார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாழ்க்கையே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

இருந்தாலும் மனசாட்சி என்று ஒன்று எனக்கும் அரைகுறையாக இருந்தது. சொல்லிப் பார்த்தேன். "ஓனர், பேனல் போடுறதுன்னா போடுங்க. ஆனா வீட்டு லைன்ல கொடுத்துருங்க. ஃபேன் ஓடட்டும், மாமியோட கிரைண்டர் ஓடட்டும். ஈபி பில்லாவது குறையும். இந்தப் பழைய மெஷினு போடுற கணக்குக்கு எவன் கூலி தருவான்? இதுக்குன்னே பெரிய பெரிய மெஷின் வச்சிருக்கானுங்க."

"பில் குறையறது வருமானமாடா? அது செலவு குறையறது. வருமானம்னா வாசல் வழியா உள்ள வரணும்."

ஸ்கூட்டரை விற்றார். போன தீபாவளிக்கு என்று சென்னையிலிருந்து மகள் அனுப்பி வைத்திருந்த பணத்தையும் அதோடு சேர்த்தார். நாலு பேனலுக்கும் ஒரு இன்வெர்ட்டருக்கும் அது சரியாக இருந்தது. ஸ்கூட்டர் போனதும் லாபம்தானாம், நடந்தால் சர்க்கரை குறையுமாம்.

பேனல் எங்கே வைப்பது என்று பார்க்க மாடிக்கு ஏறினோம். சித்திரை மாசம். தளத்தில் கால் வைத்தால் ஆட்டம் தானாக வருகிறது. தென்மேற்கே ராஜகோபுரம் வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. நான் அரைகுறைதான், ஆனாலும் தொழில் தெரிந்த அரைகுறை. போனில் திசை பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"ஓனர், இவ்ளோ பெருசா கோபுரம் நிக்குதே. நிழல் விழுந்தா பேனல் படுத்துரும்."

"பாத்துடுவோம்."

இரண்டு பேரும் மாடியிலேயே சாயங்காலம் வரைக்கும் நின்றோம். தலையில் ஈரத்துண்டு. மத்தியானம் நிழலே இல்லை. பிறகு கோபுரத்தின் நிழல் மெதுவாகக் கிளம்பியது. தெருப்பக்கமாகவே நேர் கிழக்கே நீண்டு போனது. எங்கள் மாடியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஓனர் கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "பாத்தியா. பெருமாளே வழி விட்டுட்டார்."

மாமி ஒரு ஓரமாகக் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். மாடி முழுக்க நீளவாக்கில் நாலு வரிசைக் கொடி. நாங்கள் பேனலுக்கு அளந்த இடத்தில்தான் அது இருந்தது.

"கொடி எங்க போகும்?" என்றார் மாமி.

"கொடிய அவிழ்த்துடலாம். துணி கீழ காயட்டுமே" என்றார் ஓனர்.

மாமி என்னைப் பார்த்தார். கோபுரத்தைப் பார்த்தார். கையிலிருந்த புடவையை மடித்தார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, லேசாகச் சிரித்தார்.

"சரி, மாட்டிக்கோங்கோ. ஆனா ஒண்ணு. கரூர்லேர்ந்து வருஷா வருஷம் ஏகாதசிக்கு வர்றவா, தங்க ரூம் உண்டான்னு கேட்டுண்டே இருக்கா. முன்னறை முழுக்க உங்க தூசிதான் படுத்துண்டிருக்கு. வைகுண்ட ஏகாதசி வரைக்கும் டைம் தரேன். அதுக்குள்ள உங்க காயின் ஒரு தடவையாவது ரூபாயா மாறி என் கைக்கு வரணும். வந்தா மெஷின் இருக்கட்டும். வரலேன்னா எட்டும் பழைய இரும்புக் கடைக்கு. சம்மதமா?"

"சம்மதம்" என்றார் ஓனர், யோசிக்காமல்.

மாடிப்படி இறங்கும்போது என் தோளைப் பிடித்தார். "எட்டு மாசம் கொடுத்திருக்காடா. தாராள மனசு." இரண்டு படி இறங்கியபிறகு குரல் கொஞ்சம் மாறியது. "டேய், ஒருவேளை எட்டும் போயிடுத்துன்னா, அப்புறம் என்னை யாருடா ஓனர்னு கூப்பிடுவா?"

நான் கிண்டல் செய்ய வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

மெஷின்கள் போர்வையை விட்டு எழுந்தன. காலையில் வெயில் ஏறினால் எட்டும் ஒன்றாக இரைய ஆரம்பிக்கும். ரைஸ்மில் பக்கத்தில் குடியிருப்பது போல இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் போய்ப் பார்த்தேன். முன்னறை அடுப்பாக இருந்தது. வீட்டில் இருந்த டேபிள் ஃபேன் இரண்டும் மெஷின்களைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. ஓனர் வெறும் உடம்போடு மூலையில் உட்கார்ந்து பனைவிசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். தனக்கு இல்லை, ஆறாம் நம்பருக்கு.

"பெருமாளுக்குக்கூட நீங்க இப்படி விசிறி நான் பாத்ததில்லீங்களே."

"பெருமாளுக்கு வீச ஆள் இருக்காடா. இதுக்கு யார் இருக்கா?"

"ஃபேன் ரெண்டும் ஈபி கரண்ட்ல ஓடுது. வெயில் கரண்ட்ல மெஷின் ஓடுது. மெஷின் சூட்ட ஆத்த ஈபிக்குக் காசு. இதுல எது ஓனர் சும்மா?"

"ஃபேன் காத்து எனக்கும் கொஞ்சம் வர்றதே. அது லாபம்."

வருமானத்தைக் காட்டு என்றால் போனைக் காட்டுவார். ஒரு எண் இருக்கும். சைபர், புள்ளி, அப்புறம் வரிசையாகச் சைபர், கடைசியில் வெட்கப்பட்டு நிற்கிற மாதிரி இரண்டு இலக்கம். இந்தக் காயினைக் கைக்கு எடுக்க வேண்டுமென்றால் அது ஒரு குறிப்பிட்ட அளவு சேர வேண்டும். அதுவரை தொட முடியாது. கோயில் உண்டியல் மாதிரி, போட்டவனே கை விட்டு எடுக்க முடியாது.

"எத்தனை சைபர் பாத்தியா?"

"சைபர் எல்லாம் முன்னாடி நிக்குதுங்க."

"கோயில் க்யூவில முன்னாடி நிக்கறவன் சும்மா நிக்கறான். பின்னாடிதான்டா ஆள் சேரணும். சேரும்."

அவரை வெறுப்பேற்ற நான் வாராவாரம் போனேன். கடையில் சர்வீஸ் என்று சொல்லிவிடுவேன். உண்மையில் மாமி கொடுக்கிற மோருக்காகவும் போனேன். ஆடிக் காற்றில் பேனல் முழுக்கக் காவிரி மணல். அதன் மேல் கோபுரத்துப் புறாக்கள் செய்கிற வேலை. தினமும் காலையில் ஓனர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேனலை அலம்புவார், திருவாராதனப் பூஜைக்கு விக்ரகம் தேய்க்கிற பக்தியோடு. ஐப்பசியில் மழை பிடித்து நாலு நாள் வெயிலே இல்லை. மெஷின்கள் வாய் மூடிக் கிடந்தன. போன் செய்து, "என்ன ஓனர், இன்னிக்கு எவ்வளவு?" என்றேன்.

"மழை லாபம்தான்டா. பேனல் தானே அலம்பிக்கறது."

ஆனால் எண் நகர்ந்தது, அதைச் சொல்ல வேண்டும். கார்த்திகை பிறந்தபோது கைக்கு எடுக்க வேண்டிய அளவில் முக்கால் பங்கு தாண்டியிருந்தது. எனக்கே சந்தேகம் வந்தது, இந்த மனிதர் ஜெயித்துவிடுவாரோ என்று. இரண்டு நாள் கிண்டல் செய்யாமல் இருந்துகூடப் பார்த்தேன். உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அந்த போன் வந்தது. "டேய், மாடில ஒரு சின்ன நிழல். வந்து பாரேன்."

மத்தியானம் ஒரு மணிக்குப் போனேன். மாடி ஏறினதும் பேனலைப் பார்த்தேன். ராஜகோபுரத்தின் உச்சியில் பதிமூன்று கலசம். அதில் நாலு கலசம் எங்கள் பேனலில் கறுப்பாக, அழகாக, வரைந்து வைத்தது போல விழுந்திருந்தது. சித்திரையில் தலைக்கு மேல் நின்ற சூரியன் இப்போது தெற்கே சாய்ந்து, கோபுரத்துக்குப் பின்னால் போய்விட்டது. பேனலில் ஒரு மூலை இருட்டினாலும் வரிசை முழுக்கச் சோர்ந்துபோகும். கீழே மெஷின் ஒவ்வொன்றாக அணைகிற சத்தம் மாடிக்கே கேட்டது.

சூரியன் வருஷத்துக்கு இரண்டு பக்கமும் சாயும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். அன்றைக்கு நான் ஸ்கூலுக்குப் போயிருக்க மாட்டேன்.

ஓனர் குனிந்து, பேனலில் விழுந்த கலச நிழலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஊர் ஊரா வந்து கோபுரத்த அண்ணாந்து பாத்துட்டுப் போறா. நம்ம ஆத்துக்கு அதுவே படியேறி வந்திருக்கு." பிறகு வழக்கமான வார்த்தையைச் சொன்னார். ஆனால் அது வருவதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது. "லாபம்தான்."

"நாலு கலசத்தோட நின்னுருமா ஓனர்?"

பதில் பின்னாலிருந்து வந்தது. மாமி, கையில் பேனல் அலம்பின பக்கெட்டோடு.

"நிக்காது. இன்னும் ஏறும். மார்கழில மாடி முழுக்க ரொம்பிடும். பொங்கல் கழிஞ்சாதான் இறங்கும்."

"மாமி, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இருபத்தாறு வருஷமா இந்த மாடில துணி காயப்போடறேன்டா. எந்த மாசம் எந்தக் கொடியில ஈரம் நிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"சித்திரையில நாங்க ரெண்டு பேரும் வெயில்ல வெந்துகிட்டு நிழல் பாத்தோமே. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டேளா? கோபுரத்தக் கேட்டேள். உன் ஃபோனக் கேட்டே. பக்கத்துல நின்னு துணி மடிக்கறவள யாராவது கேட்டேளா?"

ஓனர் மெதுவாக நிமிர்ந்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஒரு துண்டைக்கூடக் கொடியில் போட்டிராத மனிதர். "அப்போ ஏகாதசி வரைக்கும்னு டைம் கொடுத்தது..."

"மார்கழில வர்றதாலதான் ஏகாதசின்னேன்" என்றார் மாமி. பக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அதன்பிறகு ஓனர் தினமும் காலையில் வருகிற கொஞ்ச வெயிலில் மெஷினை ஓட்டிப் பார்த்தார். நிழல் ஏறியதும் அணைப்பார். பேனலை ஒரு மூலைக்கு நகர்த்தலாமா என்று கேட்டார். நகர்த்தினோம். நிழலும் நகர்ந்து வந்தது. போதாதென்று அந்தக் காயினின் விலையும் இறங்கிவிட்டது. முக்காலில் நின்ற எண் முக்காலிலேயே நின்றது. ஏகாதசிக்கு முதல் நாள் எனக்குப் போன் செய்து, "மெஷின் தூக்கறதுக்கு நீயும் வாடா. இரும்புக்கடைக்காரன் தொப்பு தொப்புன்னு போட்டுடுவான்" என்றார். லாபம் என்ற சொல் அதில் இல்லை.

போனபோது தூறல். கரூர்க்காரர்கள் ஒன்பது பேர் வந்து இறங்கியிருந்தார்கள். காவிரியில், அம்மா மண்டபத்துப் படித்துறையில் முழுகிவிட்டு ஈரத்தோடு வாசலில் நிற்கிறார்கள். மாடியில் கொடி இல்லை, பேனல்தான் இருக்கிறது. வெயிலும் இல்லை. மாமி கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

முன்னறையில் ஓனர், வண்டி வருகிற வரைக்குமாவது ஓடட்டும் என்று எட்டு மெஷினையும் ஈபி கரண்டில் ஓடவிட்டிருந்தார். கடைசியாக ஒரு தடவை அந்த இரைச்சலைக் கேட்டுவிடலாம் என்று இருக்கும். கரூர்க்காரர்களில் வயதான அம்மா ஒருத்தர் உள்ளே எட்டிப் பார்த்தார். முகத்தில் அனல் அடித்தது. யாரையும் கேட்கவில்லை. பிளைவுட் தடுப்புகளின் ஆணியில் ஒரு கயிற்றைக் கட்டி, ஈரப்புடவையை ஆறாம் நம்பருக்குப் பின்னால் விரித்துப் போட்டார். அதைப் பார்த்து இன்னொருவர் வேட்டியைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் எட்டு மெஷினும் துணிக்குள் மறைந்துவிட்டன.

அவர்களில் ஒருவர் ஓனரிடம் மரியாதையாகக் கேட்டார். "சாமி, இது என்னங்க மெஷினு?"

"மைனிங்" என்றார் ஓனர்.

"ஓ. என்னங்க எடுக்குது?"

நான்தான் சொன்னேன். "எட்டு மாசமா ஒண்ணும் எடுக்கல. இப்பதான் ஈரம் எடுக்குது."

ஓனர் சிரிக்கவில்லை. நான் சொன்னதற்கு வருத்தப்பட்டேன்.

மத்தியானம் இரும்புக்கடைக்காரரின் மூன்று சக்கர வண்டி வந்தது. ஒவ்வொரு மெஷினாக ஓனர் தானே அணைத்தார், ஒயரைப் பிடுங்கினார், கொடுப்பதற்கு முன் அதன் மேல் இருந்த தூசியை மேல்துண்டால் துடைத்தார். நான் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. பிறகு ஏழு, எட்டு. ஆறாம் நம்பரைக் கடைசிக்கு விட்டிருந்தார். அதற்குப் பின்னால் இன்னும் ஒரு வேட்டி தொங்கியது.

அதன் ஸ்விட்சில் அவர் கை வைத்தபோது மாமி சமையலறையிலிருந்து வந்தார். தொங்கிய வேட்டியின் நுனியைப் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் காய்ந்து மடித்து வைத்திருந்த புடவையைத் தொட்டுப் பார்த்தார். இருபத்தாறு மார்கழியும் அந்த விரலில் இருந்தது.

"அது இருக்கட்டும்" என்றார், இரும்புக்கடைக்காரரிடம். "நீங்க கிளம்புங்கோ."

வண்டி போய்விட்டது. கரூர்க்காரர்கள் கோயிலுக்குப் போய்விட்டார்கள். முன்னறை பெரிதாகத் தெரிந்தது. ஏழு மேஜை வெறுமனே கிடந்தன, மிஞ்சிய ஒன்றில் ஆறாம் நம்பர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அது அப்போதும் எங்கேயோ இருக்கிற யாருக்கோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஓனர் அதன் எதிரில், கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். பென் டிரைவை இரண்டு விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு அவரைக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. ஏழு போய்விட்டபிறகு அந்தப் பெயரைச் சொன்னால் அது கிண்டலாகிவிடும். நான் செய்யாத கிண்டல் இல்லை, ஆனால் அதைச் செய்ய எனக்கு நாக்கு எழவில்லை. செருப்பை மாட்டினேன்.

அவர்கள் இரண்டு பேரும் மகளோடு சென்னைக்குப் போய் இப்போது நாலைந்து வருஷம் ஆகிறது. ஓனர் என்றால் எனக்கு நெட் சென்டரும் நினைவுக்கு வருவதில்லை, பேனலும் வருவதில்லை. அந்த மத்தியானம் உள்ளேயிருந்து வந்த குரல்தான் வருகிறது. மாமி தாளித்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

"ஓனரே, அந்த வேஷ்டிய கொஞ்சம் திருப்பிப் போடுங்கோ. ஒரு பக்கம்தான் காஞ்சிருக்கு."

ஓனர் வாசலைப் பார்த்தார். அங்கே நான் மட்டும்தான் இருந்தேன். பிறகு பென் டிரைவை மார்பில் விட்டுவிட்டு, வேட்டியை இரண்டு கையாலும் எடுத்து, உதறி, மறுபக்கம் திருப்பிப் போட்டார்.